மலைமேல் வானவில் நடை: லெதர் அணியோடு முதன்முதலாக வருகிறவர்களுக்கு

"அண்ணா, ஜாக்கெட் வாங்கிட்டேன். இனிமே என்ன செய்யணும்?"

தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் மற்ற பால்புதுமையரும் சேர்ந்து நடக்கும் எங்கள் வானவில் நடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆண்டுதோறும் இப்படி ஒரு குரல் போனில் வரும். திண்டுக்கல்லிலிருந்து வரும், பழனியிலிருந்து வரும், போன முறை தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து வந்தது. என் பதில் மாறியதே இல்லை: ஜாக்கெட் அலமாரியிலேயே இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஒரு டீ குடிக்க வாருங்கள்.

கொடைக்கானலில் நாங்கள் நடப்பது பெரிய பேரணி அல்ல. சென்னையில் 2009 ஜூனில் தொடங்கிய வானவில் சுயமரியாதைப் பேரணிக்குப் போய்வந்தவர்களுக்கு எங்கள் கூட்டம் ஒரு கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூடக் காணாது. முப்பது, நாற்பது பேர். அதில் லெதர் உடுத்தி வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஆனால் சின்ன ஊரில் நடப்பதற்குத்தான் யோசனை அதிகம் வேண்டும். மூஞ்சிக்கல் கடைக்காரருக்கு உங்கள் அப்பாவைத் தெரிந்திருக்கும். பஸ் கண்டக்டர் உங்களோடு படித்தவராக இருப்பார். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

லெதர் ஆட்கள் யார்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் ஆண்களை நேசித்த ஆண்கள் சிலர், அவர்களில் படையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு, மோட்டார் சைக்கிள் கிளப்புகளாகக் கூடினார்கள். 1954-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய சேட்டர்ஸ் கிளப் அவற்றில் மூத்தது. வண்டியில் போகிறவனுக்குக் குளிரையும் விழுந்தால் சிராய்ப்பையும் தாங்கத் தோல் உடை வேண்டும். அந்த உடையே பிறகு ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் குறியானது. கூடவே ஒரு உறவுமுறையும் வளர்ந்தது: வயதுவந்த இருவர், ஒருவர் வழிநடத்த மற்றவர் தன்னை ஒப்படைக்க, எதுவரை என்பதை முன்கூட்டியே வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்வது. பெண்களும் வந்தார்கள். 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் சம்வா (Samois) என்ற பெண்கள் குழு உருவானது. இன்று திருநர்களும் இருக்கிறார்கள், எங்கள் அணியில் எல்லோருக்கும் முன்னால் நடப்பவர் ஒரு திருநங்கை.

நீங்கள் பிடித்துக்கொண்டு நடக்கப்போகும் கொடியையும் தெரிந்துகொள்ளுங்கள். டோனி டிப்ளேஸ் என்பவர் வடிவமைத்து 1989 மே 28 அன்று சிகாகோவில் முதன்முதலாகக் காட்டியது. கறுப்பும் நீலமும் மாறி மாறி, நடுவில் ஒரு வெள்ளை, மொத்தம் ஒன்பது பட்டைகள். மேலே இடது மூலையில் ஒரு சிவப்பு இதயம். எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று அவர் சொல்லவில்லை, பார்ப்பவர்களிடமே விட்டுவிட்டார். தெருவில் யாராவது "இது எந்தக் கட்சிக் கொடி?" என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். "கட்சி இல்லைங்க, எங்க சங்கத்துக் கொடி" என்று சிரித்த முகமாகச் சொன்னால் போதும்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம். 'தோல் சமூகம்' என்று மொழிபெயர்த்து எங்கும் எழுதாதீர்கள், துண்டறிக்கையில் வேண்டவே வேண்டாம். தமிழில் அது தோல் பதனிடும் மக்களையும் செருப்புத் தைக்கும் சாதிகளையும் குறிப்பதாகத்தான் படும். அவர்களுடைய பெயரை நாம் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. 'லெதர்' என்றே எழுதுங்கள், 'லெதர் ஆட்கள்' என்றே சொல்லுங்கள்.

இதை நான் சொல்லுக்காக மட்டும் சொல்லவில்லை. திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்த கைகள் இல்லாமல் நம் உடம்பில் ஒரு வார்கூட ஏறாது. இந்த நாட்டுத் தெருக்கள் சிலவற்றில், அந்தச் செருப்பைத் தைத்தவரையே அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைத்தார்கள். நம் மலைகூட இதில் விலகி நிற்கவில்லை. பழனிமலைப் புல்வெளிகளில் இன்று காடாக மண்டிக் கிடக்கும் வாட்டில் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் பட்டையிலிருந்து தோல் பதனிடும் சாறு எடுக்கலாம் என்றுதான் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். புல்வெளி போனது, ஓடைகள் மெலிந்தன. லெதர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நம் ஊர்ச் சாலையில் தலைநிமிர்ந்து நடக்கிறவர் இந்த இரண்டையும் அறிந்து நடக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதல் டீ

சரி, டீக்கு வருவோம். நடைக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே அணியில் ஒருவரையாவது நேரில் பார்த்துவிடுங்கள். பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில். ஏரிச் சாலை டீக்கடை, பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள ஓட்டல், அப்படி. முதல் சந்திப்பையே அறை எடுத்துத் தங்கும் இடத்தில் வைக்கலாம் என்று யார் கூப்பிட்டாலும், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், போகாதீர்கள். உண்மையான லெதர்க்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார். செயலியில் பழகி, படம் வாங்கி, பிறகு வீட்டில் சொல்லிவிடுவேன் என்று பணம் பறிப்பவர்கள் மலையிலும் உண்டு, கீழேயும் உண்டு. அப்படி நடந்தால் பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அந்த முதல் டீயில் உங்களிடம் மூன்று கேட்போம். எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்? வீட்டில் யாருக்கு என்ன தெரியும்? முகம் தெரிய நடக்கலாமா? வயதும் கேட்போம். தெருவில் நடக்க எந்த வயதினரும் வரலாம், அம்மா அப்பாவோடு வந்த பிள்ளைகளும் எங்களோடு நடந்திருக்கிறார்கள். ஆனால் லெதர் அணியிலும் அதன்பின் அறைக்குள் நடக்கும் சந்திப்பிலும் பதினெட்டு நிறைந்தவர்கள் மட்டும். இதில் தளர்வு கிடையாது.

நீங்களும் எங்களைக் கேளுங்கள். யார் பொறுப்பு, போன முறை என்ன தவறு நடந்தது, ஒருவர் எல்லை மீறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மழுப்புகிற கூட்டமாக இருந்தால் டீயை முடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

என்ன உடுத்துவது

ஒரு பெல்ட், ஒரு பூட்ஸ், கறுப்புச் சட்டை, ஜீன்ஸ். முதல் ஆண்டுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. சென்னைப் பெரியமேட்டில் போய் முப்பதாயிரத்துக்கு ஜாக்கெட் எடுத்து வந்தவரைவிட, தாத்தாவின் பழைய பெல்ட்டைத் துடைத்து மாட்டி வந்த பையனை எங்கள் கூட்டம் அன்போடு பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. மூத்தவர்கள் தாங்கள் உடுத்தியதை இளையவர்களுக்குக் கொடுப்பது லெதர் வழக்கங்களில் ஒன்று. பொறுத்திருந்தால் உங்களுக்கும் ஒன்று வந்து சேரும். ஒருவருடைய தொப்பியை மட்டும் அவர் தராமல் எடுத்துத் தலையில் வைத்துப் பார்க்காதீர்கள். அது அவருக்கு யாரோ மனதாரக் கொடுத்ததாக இருக்கலாம்.

ரெக்சின் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. உயிர்த்தோல் உடுத்த மனம் ஒப்பாதவர்கள் தாராளமாக உடுத்தலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டோம். இந்த ஊர் ஈரத்தில் ரெக்சின் இரண்டு, மூன்று வருடத்தில் மேல்பூச்சு உரிந்து செதில் செதிலாக வரும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கித்தானும் கெட்டித் துணியும் இன்னும் நல்லது.

மார்பில் குறுக்காக மாட்டும் வார் வேண்டுமென்றால் கடையில் வாங்காமல் தைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதைத் தைத்தவர் சாலையோரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். ஏரியில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளின் சேணவாரெல்லாம் அவரிடம்தான் பழுதுபார்க்க வரும். நான் தாளில் வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குதிரை என்ன உயரம் தம்பி?"

"குதிரைக்கு இல்லண்ணே. எனக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. ஊசியை மெழுகுக் கட்டியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். டேப்பை என் மார்பைச் சுற்றிப் பிடித்தார். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே நில்லுங்க." அளவைப் பார்த்துக்கொண்டார். "இப்ப விடுங்க." மறுபடி பார்த்தார். பிறகு டேப்புக்கும் என் சட்டைக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்தார். "ரெண்டு விரல் போகணும். குதிரைக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான். இல்லேன்னா புண்ணாப் போகும்."

அந்த விரல்களில் நகமெல்லாம் சாயம் ஏறிக் கறுத்திருந்தது. அந்த வார் பல வருடமாக என்னிடம் இருக்கிறது, ஒரு தையல்கூட விடவில்லை. நீங்களும் இப்படி ஒருவரிடம் போனால் அவர் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எந்த வாரையும் மாட்டியதும் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். தோள்பட்டை, அக்குள், விலா மூன்று இடத்திலும்.

தெருவில் வாரைச் சட்டைக்கு மேலேதான் மாட்ட வேண்டும். பொது இடத்தில் ஆபாசம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் வழக்குப் போட இடம் கொடுக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். ஏரிக்கரையில் மாலை நான்கு மணிக்கே விரல் விறைக்கும் என்பது இன்னொரு காரணம். இவை இரண்டையும்விட, அந்தச் சாலையில் குழந்தைகளோடு வருகிற குடும்பங்களுக்கு நம் முகம் முதலில் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். வெற்று மார்போடு நடப்பதே சுதந்திரம் என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் ஊருக்கு அது பொருந்தலாம்.

பூஞ்சை

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், ஆனால் மலையில் லெதர் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை இதுதான். கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, மேகம் வீட்டுக்குள் வந்து போகிற ஊர். ஒரு மாதம் அலமாரியைத் திறக்காமல் விட்டால் ஜாக்கெட் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் பூஞ்சை பூத்துவிடும்.

வந்துவிட்டால் பதற வேண்டாம். வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து, மேலோட்டமாகத் துடையுங்கள். ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் துடைத்துப் பார்த்துச் சாயம் போகவில்லை என்றால் மட்டும் முழுவதும் துடைக்கலாம். பிறகு காற்றோட்டமான நிழல். வெயிலில் போட்டாலும் அடுப்பருகே மாட்டினாலும் தோல் விறைத்து வெடிக்கும். முழுக்கக் காய்ந்தபின் தோலுக்கான மெழுகை மெல்லிசாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அப்போதைக்குப் பளபளக்கும், பிறகு காறி நாற்றமெடுக்கும்.

வைக்கும்போது பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நான் பழைய நாலு முழ வேட்டியைப் பை மாதிரி தைத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அகலமான மரத்தோள் ஹேங்கர், மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு, வாரத்துக்கு ஒருநாள் அலமாரிக் கதவைத் திறந்து வைப்பது, அவ்வளவுதான்.

அனுமதியும் பயணமும்

அனுமதி வாங்குவது அமைப்பாளர் வேலை, ஆனால் அது எப்படி நடக்கிறது என்று நீங்கள் தெரிந்திருப்பது நல்லது. நாள், நேரம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா இல்லையா என்று எழுதி, பொறுப்பாளர் இருவர் கையெழுத்தோடு காவல் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுக்கிறோம். சீல் வைத்த நகலை வாங்கிக்கொள்கிறோம். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்காமலே எங்களை மூன்று நாள் அலைய விட்டார்கள். அதிலிருந்து பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறோம்.

சட்டத்தில் நம் காலுக்குக் கீழே மண் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒரே பாலினத்தவரானாலும் வயதுவந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமில்லை என்றது. 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. பால்புதுமையரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் எந்தக் காவலரும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படி விசாரிப்பதை அந்த விதி தடுக்காது. ஆகவே யாராவது நிறுத்திக் கேட்டால் வாக்குவாதம் செய்யாமல், கையில் பச்சை ரிப்பன் கட்டிய பொறுப்பாளரைக் காட்டுங்கள். பேசுவது அவர் வேலை.

நடையை ஜூலையில் வைக்கிறோம். மே மாதச் சீசன் கூட்டம் வடிந்திருக்கும், அக்டோபர் மழை வந்திருக்காது. சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே 7 முதல் இது நடைமுறை. அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. ரயிலில் வந்தால் கொடை ரோட்டில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மேலே வரலாம். லெதரை உடுத்திக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். பையில் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், மலையில் தடை.

தொடும் முன்

இனி எழுதப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. கேட்காமல் எதையும், யாரையும் தொடக்கூடாது. வாரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது, பூட்ஸைத் தடவுவது, "ஏய் சூப்பர்" என்று தோளில் தட்டுவது எல்லாம் இதில் அடக்கம். நம் ஊரில் நெருக்கம் என்றாலே தோளில் கைபோடுவதுதான், நானும் அப்படி வளர்ந்தவன். இங்கே வாயால் கேட்டு, வாயால் பதில் வந்த பிறகுதான் கை நீள வேண்டும். சிரிப்பு பதில் ஆகாது. மௌனமும் ஆகாது.

சாவிக்கொத்தை இடுப்பில் இடப்பக்கம் தொங்கவிட்டிருந்தால் அவர் வழிநடத்துபவர், வலப்பக்கம் என்றால் ஒப்படைப்பவர் என்று ஒரு பழைய குறி உண்டு. கைக்குட்டை நிறங்களுக்கும் அப்படிப் பொருள் உண்டு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தக் குறியும் உங்களுக்கு வந்த அழைப்பு அல்ல. இந்த ஊரில் பாதிப் பேர் வசதியான பக்கத்தில்தான் சாவியை மாட்டியிருப்பார்கள். கழுத்தில் பூட்டுப் போட்ட பட்டை அணிந்தவரைப் பார்த்தால், அது அவருக்கும் இன்னொருவருக்கும் நடுவிலுள்ள வாக்கு, தாலி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கண்டபடி விசாரிக்க வேண்டாம்.

ஒப்படைப்பவர் என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொண்டால் உங்களுக்கும் அடங்கியவர் என்று பொருள் இல்லை. அவருக்கு டீ வாங்கி வர ஏவாதீர்கள். போன ஆண்டு ஒருவர் ஏவினார். நடை முடியும் முன்பே அவரைத் தனியே அழைத்துப் பேசி, அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தோம். கேட்டார். இந்த ஆண்டும் வருகிறார்.

படம் எடுப்பதிலும் இதே ஒழுங்கு. சிவப்பு ரிப்பன் கட்டியவர் எந்தப் படத்திலும் வரக்கூடாது, பின்னணியில்கூட. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் சிவப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு கழற்றிக்கொள்ளலாம், வெளியே போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

நடை நாள்

காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். புது பூட்ஸ் என்றால் முந்தின வாரமே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். ஏழு ரோடு சந்திப்பில் கூடி, ஏரிச் சாலைக்கு இறங்குவோம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், புதுத் தோல் குதிகாலை அறுத்துவிடும். இரண்டு காலுறை, பையில் ஒரு பிளாஸ்திரி.

ஏரிச் சாலையில் சவாரிக் குதிரைகள் வரும். குதிரை தெரிந்ததும் கொடியைத் தாழ்த்தி, ஓரமாக ஒதுங்கி, கோஷத்தை நிறுத்துங்கள். காற்றில் படபடக்கும் துணியைக் கண்டு குதிரை மிரளும், மேலே இருப்பது பெரும்பாலும் குழந்தை. இதை நாங்கள் ஒழுங்காகச் செய்யத் தொடங்கியபின் குதிரைக்காரர்கள் எங்களுக்குக் கை காட்டுகிறார்கள்.

பாதி வழியில் ஒரு நிமிடம் நிற்போம். எண்பதுகளில் எய்ட்ஸ் அமெரிக்காவின் லெதர் ஆட்களில் ஒரு தலைமுறையையே கொண்டுபோனது. பெற்ற வீடு கதவடைத்த இடங்களில் கிளப் தோழர்கள்தான் பணம் திரட்டினார்கள், படுக்கை விரித்தார்கள், சவம் தூக்கினார்கள். அதே காலத்தில், 1986-இல், சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்றைக் கண்டறிந்தார்கள். ஆகவே அந்த ஒரு நிமிடம் நமக்கும் உரியது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது. எச்ஐவி உதவி எண்ணான 1097-க்கு அழைத்தும் கேட்கலாம்.

கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று உங்களைப் பார்த்துவிட்டால், சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, ஓட வேண்டாம். பக்கத்தில் நடப்பவரிடம் "ஆள் தெரியுது" என்று சொல்லுங்கள். இரண்டு பேர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுவார்கள், மூன்றாவது ஆள் உங்களை ஆட்டோவில் ஏற்றிவிடுவார். இதற்கென்றே ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு முறை தேவைப்பட்டது.

முடிந்ததும் குப்பை பொறுக்காமல் யாரும் கிளம்பக்கூடாது. கொடிக்கம்பு, ரிப்பன் துண்டு, கப்பு எல்லாம் நம் பையில்தான் திரும்ப வேண்டும். கீழே இறங்கும் கடைசி பஸ்ஸின் நேரத்தை வந்ததுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்

வீடு போய்ச் சேர்ந்ததும் லெதரைத் துடைத்து நிழலில் மாட்டுங்கள். மறுநாள் காலை பலருக்கு மனம் ஒரு மாதிரி இருக்கும். நேற்றைய கூட்டம், சிரிப்பு, முதன்முதலாக ஓங்கிக் கூவிய தொண்டை, எல்லாம் போய், அதே அறை, அதே சமையலறைச் சத்தம். ஏன் அழுகை வருகிறது என்று தெரியாமலே அழுதவர்கள் உண்டு. நானும் அழுதிருக்கிறேன். இது எல்லோருக்கும் வருவதுதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருக்கும். தாங்க முடியவில்லை என்றால் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பத்து மணிக்குள் எங்களில் ஒருவர் உங்களை அழைப்பார். "வீடு போய்ச் சேர்ந்தீங்களா, சாப்பிட்டீங்களா, கால் எப்படி இருக்கு?" என்று கேட்பார். வீட்டில் ஆள் இருந்து பேச முடியவில்லை என்றால் கட் செய்துவிட்டு ஒரு புள்ளி மட்டும் அனுப்புங்கள். புள்ளி வந்தால் நலம் என்று எடுத்துக்கொள்வோம். வராவிட்டால் மதியம் மறுபடி அழைப்போம்.